ரத்தத்தில் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்!

பாங்க் பாஸ்புக்கை மாசாமாசம் புரட்டுகிறோம். நம் ரத்தத்துக்கும் ஒரு பாஸ்புக் இருந்தால்?

2005-ல் டில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அதைப் புரட்டிப் பார்த்தது. பஞ்சாப் கிராமங்களில் 20 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் பலவகைப் பூச்சிமருந்துகள்! டி.டி.டி.யும் அதில் உண்டு. வயலில் அதைத் தெளிக்க 1989-லேயே இந்தியாவில் தடை வந்தாச்சு. கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகளுக்காக மட்டும்தான் அப்போது விலக்கு தந்தார்கள்.

'கடையை மூடி 16 வருஷமாச்சு, சரக்கு எப்படி சார் வந்தது?' என்கிறீர்களா? டி.டி.டி. மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். தீவனம், மாடு, பால், நெய் என்று கைமாறி, வட்டியும் சேர்த்துக்கொண்டு நம் கொழுப்பில் வந்து உட்கார்ந்துவிடும். அது பாதியாகக் குறையவே பல வருஷமாகும்.

காய்கறியைக் கழுவினால் மேலே ஒட்டியிருப்பது போகும். நெய்யை எந்தக் குழாயில் கழுவுவது?

வேதனை என்னவென்றால், தாய்ப்பாலிலும் இது இறங்குகிறது. பிறந்த குழந்தைக்கு 'ஓப்பனிங் பாலன்ஸ்'! அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். நன்மைதான் பெரிது என்று தாய்ப்பாலையே சிபாரிசு செய்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நிறுத்த வேண்டியது வேறு. 'இப்போ தெளிப்போம், அப்புறம் பார்த்துக்கலாம்' என்கிற பழக்கம். நினைத்தபோது குளோஸ் பண்ண முடியாத அக்கவுன்ட்டில் நீங்கள் பணம் போடுவீர்களா, என்ன?