வத்தலக்குண்டோடு வண்டி நிற்கட்டும்

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிவிட்டால் மதுரைக்காரர்களுக்கு அடுத்த பேச்சு ஒன்றுதான்: லீவுக்கு எங்கே போகலாம்? அக்னி நட்சத்திர வெயிலில் கோரிப்பாளையம் சிக்னலில் ஒருமுறை மாட்டியவர் யாரும் அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டார். குறை, திட்டம் போடும் விதத்தில் இருக்கிறது. காரா, வேனா, எத்தனை சீட், டிரைவர் பேட்டா எவ்வளவு என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. வண்டி முடிவான பிறகு அதற்குத் தோதாக ஊர்கள் சேர்கின்றன. முதலில் கொடைக்கானல், இறங்கிக் கும்பக்கரை, கம்பம் வழியாகத் தேக்கடி, மூணாறு, இரவிகுளத்து வரையாடு, போடிமெட்டு இறங்கி வீடு. பெட்ரோலும் ரூம் வாடகையும் கணக்கில் வந்துவிடுகின்றன. அந்த வண்டியை மலையில் எங்கே நிறுத்துவது என்பது மட்டும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. கோடைப் பயணத்தில் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வியே அதுதான். அதற்கு நேர்மையான பதில், மலையடிவாரத்தில் நிறுத்துவது.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. மறு ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கைக்கும் வரம்பு விழுந்தது. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. கேட்பதற்குக் கறாரான கட்டுப்பாடு போலத்தான் இருக்கிறது. கொஞ்சம் பெருக்கிப் பார்த்தால் வேறு கதை. ஒரு காருக்கு 5 மீட்டர் என்று வைத்து 4,000 கார்களை இடைவெளியே இல்லாமல் நிறுத்தினால் 20 கிலோமீட்டர் வரும். கொடைக்கானல் ஏரியைச் சுற்றியுள்ள சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அதாவது, கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு வரும் வார நாள் கார்களே ஏரியை நாலு சுற்று சுற்றி நிற்கும். வார இறுதியில் ஆறு சுற்று. காருக்கு நாலு பேர் என்றால் அன்று மேலே போகிறவர்கள் 24,000 பேர். 2011 கணக்கெடுப்பில் கொடைக்கானல் நகராட்சியின் மொத்த மக்கள்தொகையே 36,000 சொச்சம்தான். இதே 24,000 பேரைப் பேருந்தில் ஏற்றிப் பாருங்கள். 50 பேர் உட்காரும் பேருந்து, ஒவ்வொன்றும் நாளுக்கு இரண்டு தடவை மலையேறினால் 240 பேருந்து போதும். எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தினாலும் 3 கிலோமீட்டரைத் தாண்டாது. ஆள் எண்ணிக்கையில் ஒருவர்கூடக் குறையவில்லை; அடைபட்ட இடம் மட்டும் பத்தில் ஒரு பங்காகிவிட்டது.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் என்ன நடக்கிறது என்பது போய் வந்த எல்லாருக்கும் தெரியும். செல்ஃபி எடுக்க இறங்கியவர்களின் கார்கள் ஓரத்தில் இரண்டு வரிசையாக நிற்கும். மீதியுள்ள ஒற்றைத் தடத்தில் மேலே போகும் லாரியும் கீழே வரும் வேனும் முகத்துக்கு முகம் நின்று ஹாரன் அடிக்கும். பின்னால் ஃபர்ஸ்ட் கியரில் ஊர்ந்து ஊர்ந்து வந்த வண்டிகளிலிருந்து கிளட்ச் கருகும் வாடை கிளம்பும். வேன் ஜன்னலில் நீட்டிய கையிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டைக் குரங்கு பறிக்கும். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத ஒன்று உண்டு: அந்த வரிசையில் ஓர் ஆம்புலன்ஸ் நிற்பது. மலையில் பெரிய வைத்தியம் தேவைப்படுகிறவரைத் தேனிக்கோ மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கோதான் இறக்கியாக வேண்டும். கொடைக்கானலிலிருந்து பெரியாஸ்பத்திரி இருக்கும் கோரிப்பாளையம் வரை ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அதில் பாதிக்கு அருகே வளைவும் திருப்பமுமான மலைச்சாலை. அதில் ஒரு மணி நேரத்தைச் சுற்றுலா வண்டிகள் தின்றுவிட்டால், மாரடைப்பு வந்தவருக்கும் பிரசவத்துக்குப் போகிறவளுக்கும் அந்த ஒரு மணி நேரத்தை யார் திருப்பித் தருவது? தீயணைப்பு வண்டிக்கும் இதே வழிதான். காடு காய்ந்து கிடக்கும் மாதங்களில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் பார்த்தோம். மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அங்கே காரணம் போக்குவரத்து நெரிசல் அல்ல. ஆனால் கோடையில் மலைக்கு ஆபத்து வந்தால் உதவி போய்ச் சேரும் முக்கிய வழி சாலைதான் என்னும்போது, அந்தச் சாலையையே பார்க்கிங் இடமாக்கி வைத்திருப்பது எந்த ஊர் நியாயம்?

காரில் ஊர் சுற்றுவதற்கே பேர்போன அமெரிக்காவிலேயே காரை வெளியே நிறுத்தச் சொல்லும் இந்த வாதம் பழையது. மேற்கு மாநிலங்களின் தேசியப் பூங்காக்களைக் கோடையில் காரில் சுற்றி வருவது அங்கே பல குடும்பங்களின் வழக்கம். ஆர்ச்சஸ் பூங்காவில் வனக்காவலராக இருந்த எட்வர்ட் ஆபி என்ற எழுத்தாளர், பூங்காக்களுக்குள் இனி காரே வேண்டாம், நடந்தோ சைக்கிளிலோ பேருந்திலோ வரட்டும் என்று 1968-லேயே எழுதினார். கிறுக்குத்தனம் என்று தள்ளிவிடக்கூடிய யோசனை. ஆனால் யூட்டா மாநிலத்தின் சயான் பூங்கா 2000-ஆம் ஆண்டில் அதைக் கிட்டத்தட்டச் செய்தே காட்டியது. சீசனில் அதன் முக்கியப் பள்ளத்தாக்குச் சாலையில் தனியார் காருக்கு இடமில்லை. பூங்காவின் பேருந்தில்தான் போக வேண்டும். அதனால் கூட்டம் குறைந்ததா? ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூருக்குள்ளும் அந்தப் பேருந்து சேவை உண்டு. விடுதி, உணவகங்களை ஒட்டியே நிறுத்தங்கள். கார் வருவது நின்றால் கடை படுத்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

அது வெள்ளைக்காரன் ஊர், நம்ம ஜனங்கள் கேட்பார்களா என்று ஒரு பேச்சு வரும். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரவிகுளம் 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. அங்கே ராஜமலைக்குள் நம் வண்டி போகாது. வனத்துறைப் பேருந்தில்தான் ஏற வேண்டும். வரையாடு குட்டி போடும் காலத்தில் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். யாரும் மறியல் செய்யவில்லை. தேக்கடியில் படகுத்துறைக்கு வெகு முன்பே வண்டியை நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்து ஏறுகிறோம். சபரிமலைக்குப் போகும் சாமிகள், 2018 வெள்ளத்துக்குப் பிறகு வாகன நிறுத்தம் நிலக்கல்லுக்கு மாறியதும், அங்கிருந்து கேரள அரசுப் பேருந்தில் பம்பைக்குப் போகப் பழகிவிட்டார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தல்லாகுளத்திலிருந்து வைகை வரை எந்தக் கார் போகிறது? லட்சக்கணக்கான ஜனம் வண்டியை எங்கோ விட்டுவிட்டு, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கோரிப்பாளையம் வழியே நடக்கிறது. சாமிக்காகக் காரை விட்டு இறங்கத் தெரிந்த ஊருக்கு மலைக்காக இறங்குவது பெரிய காரியமில்லை.

வயதானவர், கைக்குழந்தை, மூட்டை முடிச்சு என்று சொல்வார்கள். நியாயமான கவலைதான். ஆனால் இன்று அடைப்பில் சிக்கிய காருக்குள் நாலு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் இதே முதியவர்களும் குழந்தைகளும்தான். முதியோர், மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கு விலக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்களைப் பேருந்தில் ஏற்றினால், உண்மையில் கார் தேவைப்படுகிறவருக்கு அப்போதுதான் சாலை கிடைக்கும். வியாபாரிகளும் டாக்ஸி ஓட்டுநர்களும் இ-பாஸையே எதிர்க்கிறார்கள்; அவர்கள் பிழைப்புக்குச் சீசன் முக்கியம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வெளியூர்க் கார் வராத ஊரில்தான் உள்ளூர் டாக்ஸிக்குச் சவாரி கூடும். சாலையை அகலமாக்கினால் போதுமே என்பது இன்னொரு வாதம். மலையை வெட்டினால் மழைக்காலத்தில் அது கீழே வரும். பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் வழியாகக் கும்பக்கரைப் பக்கம் இறங்கும் மாற்றுச் சாலை மழை பெய்தால் என்ன பாடுபடுகிறது என்பதைப் பெரியகுளத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அப்படியே அகலமாக்கினாலும் மேலே ஏரிச்சாலை அகலமாகப் போவதில்லை. 2024-இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படம் ஓடியதும் குணா குகைக்கு ஜனம் குவிந்தது. நாளைக்கு இன்னொரு படம் ஓடினால் இன்னொரு இடத்தில் குவியும். அதற்கெல்லாம் சாலை போட்டு மாளாது.

இ-பாஸின் குறை அது கடுமையாக இருப்பது அல்ல. வண்டியை எண்ணுகிறது, வண்டிக்கு மாற்று என்ன என்று சொல்லாமல் விட்டுவிடுகிறது. வத்தலக்குண்டிலோ காட்ரோட்டிலோ பெரிய வாகன நிறுத்தம், கழிப்பறை, குழந்தைக்குப் பால் காய்ச்ச ஓர் இடம், கால் மணிக்கு ஒரு பேருந்து, மேலே தூண் பாறைக்கும் பிரையண்ட் பூங்காவுக்கும் மன்னவனூருக்கும் ஒரே டிக்கெட்டில் ஏறி இறங்கச் சுற்றுப் பேருந்து. இவ்வளவும் ஏற்பாடாகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆரப்பாளையத்திலிருந்து இன்றும் கொடைக்கானலுக்கு அரசுப் பேருந்து போகிறது. அதில் ஏறுகிறவருக்கு இ-பாஸ் தேவையில்லை. ரயிலில் போடி வரை போய் அங்கிருந்து மூணாறு பஸ் பிடிக்கலாம். அகலப்பாதை 2023 ஜூனிலிருந்து ஓடுகிறது. ஐந்து நாளில் நாலு ஊர் என்ற கணக்கை விட்டு, ஒரே ஊரில் மூன்று நாள், அதுவும் செவ்வாய் முதல் வியாழன் வரை என்று வைத்துக்கொண்டால் சொந்த வண்டிக்கு அவசியமே பெரும்பாலும் இருக்காது. இந்த மே மாதம் மதுரையிலிருந்து நூறு குடும்பங்கள் இப்படிப் போனாலே மலைச்சாலையில் அரைக் கிலோமீட்டர் வரிசை குறையும். அரசு பேருந்து விடட்டும் என்று கேட்கும் உரிமை, ஓடுகிற பேருந்தில் ஏறுகிறவர்களுக்குத்தான் முதலில் வருகிறது.