புரொப்பல்லர் வாங்குறதுக்கு முன்னாடி: ‘பிட்ச்’னா என்ன?

குற்றாலம் சீசனுக்கு வந்தவங்க ஐந்தருவி ரோட்டில் வெண்ணமடைக்குளம் படகு குழாமைப் பார்த்திருப்பீங்க. அங்க பெடல் போட்டில் தனியா ஏறினா கால் சுலபமா சுத்தும். நல்ல வெயிட்டான மூணு நண்பர்களை ஏத்திக்கிட்டா? அதே கால்தான், ஆனா மிதி குறையும், தொடை எரியும். இந்த எபிசோடுக்கு இந்த ஒரு அனுபவம் போதும். கடலில் ஓடுற மோட்டாருக்கும் இதேதான் நடக்குது.

என் காலேஜ் நண்பன் ஒருத்தன், தூத்துக்குடி பக்கம் கடற்கரைக்காரன். அவங்க அப்பாவுக்கு அவுட்போர்டு மோட்டார் வச்ச ஃபைபர் படகு. ஒருநாள் பாறையில் தட்டி புரொப்பல்லர் பிளேடு மடங்கிப்போச்சு. கடையில் அண்ணாச்சி ரெண்டு எடுத்து வச்சார். ஒண்ணு 10, இன்னொண்ணு 12. “பெரிய நம்பர்னா ஸ்பீடு ஜாஸ்திதானே, அண்ணாச்சி?”ன்னு கேட்டு 12-ஐ வாங்கிட்டான். காலிப் படகில் ஒரு ரவுண்டு போனாங்க, சூப்பர். மறுநாள் வலை, ஐஸ், நாலு ஆளோட போனப்போ எஞ்சின் முனகுது, படகு எழும்பவே இல்ல. வழக்கமா மிஞ்சுற பெட்ரோல் அன்னைக்குப் பாதி வழியிலேயே அடிமட்டத்துக்கு வந்துடுச்சு. மெதுவா உருட்டிக்கிட்டு இருட்டினப்புறம்தான் கரை சேர்ந்தாங்க. அவங்க அம்மா அதுவரைக்கும் மணலில்தான் உட்கார்ந்திருந்தாங்க.

அந்த நம்பர் என்ன சொல்லுது?

புரொப்பல்லர் மேல 9¼ x 10 மாதிரி ரெண்டு எண் இருக்கும். முதல் எண் விட்டம். ரெண்டாவதுதான் பிட்ச். மரத்தில் ஸ்க்ரூ முடுக்குறதை யோசிங்க: ஒரு சுத்துக்கு அது எவ்வளவு உள்ளே போகுதோ, அதுதான் பிட்ச். 10 பிட்ச்னா ஒரு முழுச் சுத்துக்கு 10 அங்குலம் முன்னேறணும்.

ஒரு சின்னக் கணக்கு. எஞ்சின் நிமிஷத்துக்கு 5,000 சுத்து, கியர் அதைப் பாதியாக்குதுன்னு வைங்க. புரொப்பல்லர் 2,500 சுத்து. 10 அங்குலத்தால் பெருக்கினா நிமிஷத்துக்கு 635 மீட்டர், அதாவது மணிக்கு 38 கிலோமீட்டர். ஆனா தண்ணீர் மரம் இல்லையே, நழுவும். அதனால நிஜ வேகம் இதைவிடக் குறைவுதான். பாரம் ஏற ஏற நழுவலும் கூடும்.

அப்போ 12 போட்டா வேகம் கூடணுமே? கூடும், எஞ்சினால் அதே 5,000 சுத்து சுத்த முடிஞ்சா மட்டும். செங்கோட்டையில இருந்து புனலூர் மலைப்பாதையில் ரெண்டு பேரோட பைக்கை டாப் கியரில் ஏத்திப் பாருங்க. பைக் திணறும். பிட்ச் அதிகமான புரொப்பல்லர் டாப் கியர் மாதிரி. குறைஞ்சது லோ கியர். பாரத்தை இழுக்கும், ஆனா காலியா போறப்போ எஞ்சின் எல்லையைத் தாண்டிச் சுத்திடும்.

தென்காசி பக்கம் காற்றாலைகளைப் பார்த்திருப்பீங்க. செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்துக்கு ஏத்த மாதிரி, புதிய பெரிய காற்றாலைகள் தங்களோட பிளேடு கோணத்தைத் தாங்களே திருப்பிக்கும். அதுவும் பிட்ச்தான். நம்ம அவுட்போர்டு புரொப்பல்லருக்கு அந்த வசதி இல்ல. கோணம் வார்ப்பிலேயே முடிவாயிடுது. அதனால திருப்புற வேலையை நாம கடையிலேயே செஞ்சாகணும்.

எப்படித் தேர்ந்தெடுக்கறது?

எஞ்சின் கையேட்டில் முழு த்ராட்டிலில் எத்தனை ஆர்.பி.எம். வரணும்னு ஒரு வரம்பு இருக்கும். தினமும் ஏத்துற அதே பாரத்தோட கடலுக்குப் போய், முழு த்ராட்டில் கொடுத்து டேக்கோமீட்டரில் பாருங்க. மீட்டர் இல்லேன்னா மெக்கானிக்கிட்ட இருக்கும்.

நண்பன் படகில் கையேடு சொன்னது 5,000 முதல் 6,000 வரை. 12 பிட்சில் வந்தது 4,600. பொதுவா பிட்ச் ஒரு அங்குலம் குறைஞ்சா 150-லிருந்து 200 ஆர்.பி.எம். கூடும். 200-ன்னு வச்சா, பழைய 10-க்கே 5,000-தான். அதுவே ஓரத்துலதான் ஓடியிருக்கு! 9 போட்டா 5,200. அதைத்தான் கடைசியில் மாட்டினாங்க. காலிப் படகில் மட்டும் முழு த்ராட்டில் பிடிச்சுக்கிட்டே இருக்கக் கூடாதுன்னு அப்பா கண்டிஷன் போட்டுட்டார்.

வரம்புக்குக் கீழே திணறித் திணறி ஓடுற எஞ்சினில் கரி படியும், சூடேறும், ஆயுசு குறையும். சத்தம் பெருசா வராததால யாரும் கவனிக்க மாட்டாங்க.

வாங்குறதுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு விஷயம். விட்டமும், ஷாஃப்ட் உட்காரும் பல் எண்ணிக்கையும் உங்க மோட்டாருக்குப் பொருந்தணும். அப்புறம், எஞ்சின் மட்டும் சீறி படகு நகரலைன்னா பிட்சைக் குறை சொல்லாதீங்க. நடுவில் இருக்கிற ரப்பர் புஷ் நழுவுதான்னு முதல்ல பாருங்க.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி “எது வேகமாப் போகும்?” இல்ல. “என் பாரத்தோட என் எஞ்சின் எத்தனை சுத்தும்?” அதுதான். அந்த பதிலோட போனா, அண்ணாச்சி சரியான புரொப்பல்லரை எடுத்துக் கொடுத்துடுவார்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.