கணினி படிக்கும் பக்கங்களில் உங்கள் பெயர்

அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழுவினர் 2010 ஜனவரியில் ‘நெல்’ என்ற நிரலை ஓடவிட்டார்கள். இரவு பகலாக இணையப் பக்கங்களைப் படித்து, எது ஊர், எது நிறுவனம், எது தின்பண்டம் என்று தானே கற்றுக்கொள்வது அதன் வேலை. பிரவுசரில் சேரும் ‘குக்கீ’யை அது பேக்கரிப் பண்டமாகப் பதிந்துகொண்டது. குக்கீயை அழித்தேன் என்று எழுதுபவர்கள் ஃபைலை அழித்தேன் என்றும் எழுதுகிறார்கள் அல்லவா? அதனால் கம்ப்யூட்டர் ஃபைலும் பேக்கரிப் பண்டமாயிற்று. கடைசியில் ஆட்கள்தான் உட்கார்ந்து திருத்தினார்கள்.

மனிதர் விஷயத்தில் இதே தவறு நடந்தால் மானம் போகும். ஆஸ்திரேலியாவில் ஹெப்பர்ன் பகுதி மேயராக இருந்த பிரையன் ஹூட், ஒரு லஞ்ச விவகாரத்தை அம்பலப்படுத்தியவர். அவர் மீது வழக்கே இல்லை. ஆனால் அந்த லஞ்சக் குற்றத்துக்காக அவரே சிறை சென்றதாக சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலி சொன்னது 2023இல் தெரியவந்தது. அவர் வக்கீல் மூலம் அந்தச் செயலியின் நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பினார். அவருக்கு வசதி இருந்தது, சாதாரண ஆட்களுக்கு?

பிழை மட்டுமே ஆபத்தல்ல. படம் வரையும் செயலிகளைப் பழக்கப் பயன்பட்ட லயான்-5பி தொகுப்பில் பிரேசில் குழந்தைகளின் படங்கள் இருப்பதை 2024இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு கண்டுபிடித்தது. சிலவற்றில் குழந்தையின் பெயரும் சேர்ந்தே இருந்தது. பெற்றோர் ஆசையாக இணையத்தில் போட்ட படங்களும் அவற்றில் உண்டு.

நம் சட்டம் காப்பாற்றுமா? 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் நீங்களே பொதுவில் வெளியிட்ட தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 3ஆவது பிரிவு சொல்கிறது. இணையத்தை அள்ளிப் படிக்கும் நிறுவனங்களுக்கு இது திறந்த கதவு. இதை அடைத்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். உங்கள் பெயரைப் பற்றிச் செயலி பொய் சொன்னால் கேள்வி, பதில், தேதி மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, திருத்தக் கோரி நிறுவனத்துக்கு எழுதுங்கள். சமூக வலைத்தளத்தில் இருக்கும் அத்துமீறலுக்கு முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரியிடம் புகார். அவர் முடிவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம், ஆன்லைனிலேயே. ஆபாசமாக மாற்றிய படம் என்றால் காத்திருக்காமல் தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடுங்கள். சொந்த இணையதளம் வைத்திருப்பவர்கள் ‘ரோபோட்ஸ்’ கோப்பில் ஜிபிடிபாட், சிசிபாட் போன்ற பக்கங்களை அள்ளும் நிரல்களுக்குத் தடை எழுதலாம். அது வேண்டுகோள்தான், மதிக்காமல் நுழைபவர்களைத் தடுக்காது.

ஒருமுறை கற்றுக்கொண்ட செயற்கை நுண்ணறிவு மாடலிலிருந்து ஒரு படத்தையோ பக்கத்தையோ மட்டும் பிடுங்கி எடுப்பது இன்றும் பெரும்பாடு. ஆகவே பிள்ளைகளின் பள்ளி அடையாள அட்டை, மருத்துவ ரிப்போர்ட், வீட்டு முகவரி தெரியும் படம் எதுவும் பொதுவில் கிடந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.