திருநங்கையருக்கான மார்பகச் சத்திரசிகிச்சை: தெரிந்திருக்க வேண்டியவை

நாவிதன்வெளிக்குத் திரும்பியுள்ள உங்கள் குடும்பத்தில் திருநங்கை ஒருவர் இருக்கலாம். மார்பகத்தைப் பெரிதாக்கும் சத்திரசிகிச்சை பற்றி அவர் கேட்டால், கோபப்படாமல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

வைத்தியர் முதலில் ஹோர்மோன் சிகிச்சையைப் பற்றியே பேசுவார். ஈஸ்ட்ரஜன் எடுக்கத் தொடங்கிச் சில மாதங்களில் மார்பு வளரத் தொடங்கும். முழு வளர்ச்சிக்கு 2, 3 வருடங்கள் செல்லும். சிலருக்கு அதுவே போதுமாகிவிடும். போதாதவர்களுக்கு சிலிக்கோன் அல்லது உப்புநீர் நிரப்பிய பையை மார்பினுள் வைப்பார்கள். அது ஆயுள் முழுவதும் நிற்காது, பின்னாளில் மாற்ற வேண்டிவரலாம். வீடு கட்டும் காசில் கைவைக்க முன் இதையும் கணக்கில் எடுங்கள்.

வீட்டில் வைத்து ஊசியால் திரவச் சிலிக்கோன் ஏற்றுவதாக யாரும் சொன்னால் ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம். அது நுரையீரலை அடைத்து உயிரைப் பறிக்கக்கூடியது. வைத்தியரைக் கேளாமல் கருத்தடை மாத்திரைகளை அள்ளி விழுங்குவதும் ஆபத்து; இரத்தம் கட்டியாக உறையும்.

ஆவணங்களை மாற்ற இந்தச் சத்திரசிகிச்சை அவசியமா என்பதை மனநல வைத்திய நிபுணரிடம் கேட்டறியுங்கள். 2016ஆம் ஆண்டின் சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கைப்படி, மனநல வைத்திய நிபுணர் பாலின அங்கீகாரச் சான்றிதழ் வழங்கலாம். அதைக் கொண்டு பிறப்புப் பதிவில் திருத்தம் செய்யலாம், பின்னர் அடையாள அட்டையையும் மாற்றலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு.

இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால், பிறந்த இடத்துப் பிரதேச செயலகத்தில் முதலில் பிரதி எடுங்கள். திருத்தம் முடியும்வரை நிவாரணப் படிவங்களில் அடையாள அட்டையிலுள்ள பெயரையே எழுதுங்கள். வீட்டில் அவர் விரும்பும் பெயரால் கூப்பிடலாம்.