வீட்டுச் சீட்டாட்டத்துக்கு ஏற்ற வில்லைகள்

சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடனே முகஞ்சுளிக்கும் பெரியோர் நம் சங்கத்தில் உண்டு என்பதை நான் அறிவேன். அவர்களுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை. இக்கட்டுரை சூதாட்டத்தைப் பற்றியது அன்று. பணம் வைக்காமல், வீட்டுக் கூடத்தில், மனைவி மக்கள் அருகிருக்க, அண்டை அயலார் கூடி ஆடும் ஆட்டத்தில் கணக்கு வைத்துக்கொள்ளப் பயன்படும் வில்லைகளைப் பற்றியது. கையில் காசு குறைவாக உள்ள நம்மைப் போன்றோர் அவற்றை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும், பாராமல் வாங்கியதால் ஓர் அருமையான நண்பரை நாங்கள் இழக்கவிருந்த கதையையும் இங்கே எழுதுகிறேன்.

தில்லியில் எங்கள் ரயில்வே குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் ஆறு. மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை இரவு எவர் வீட்டிலாவது கூடுவது வழக்கம். பெரியவர்களுக்கு ரம்மி. பிள்ளைகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய பின் போக்கரும் உள்ளே புகுந்தது. கைக்கு இரண்டு சீட்டு, நடுவில் பொதுவாக ஐந்து சீட்டு என்று ஆடும் ‘டெக்ஸஸ் ஹோல்டம்’ என்னும் வகை அது. ரம்மியில் புள்ளிகளைத் தாளில் எழுதிக் கூட்டிக்கொள்ளலாம். போக்கரில் அது நடவாது. “இவ்வளவு வைக்கிறேன்” என்று முன்னே தள்ளுவதே அங்கு ஆட்டம்; தள்ளுவதற்குக் கையில் ஏதேனும் இருந்தாக வேண்டும்.

ஊரில் நம் பாட்டிமார் பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டையும் சோழியும் கொண்டே காலங்கழித்தார்கள். நாங்களும் முதலில் புளியங்கொட்டையைத்தான் முயன்றோம். எல்லாம் ஒரே நிறம், ஒரே மதிப்பு. ஆளுக்கு 200 மதிப்பு வேண்டுமானால் ஆளுக்கு 200 கொட்டை. ஆறு பேருக்கு 1,200. எண்ணி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது. அடுத்த மாதம் சில்லறைக் காசை வைத்துப் பார்த்தோம். மெய்யான காசு பாயின்மேல் விழுந்தவுடனே கூடத்தில் சிரிப்பொலி குறைந்ததை அனைவரும் கவனித்தோம். மேலும் தில்லியில் சூதாட்டத்தைத் தடுக்கும் 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இணையவழியில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதையும் அன்பர்கள் அறிவீர்கள். சட்டம் ஒருபுறமிருக்க, மாதச் சம்பளத்தில் வாழும் நமக்குப் பணம் வைத்து ஆடும் ஆட்டம் எதற்கு? ஆகவே காசையும் விட்டோம்; வில்லை வாங்குவதென்று முடிவாயிற்று. வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதற் கொள்முதல்

“சதர் பஜாருக்குப் போய்ச் சிப்ஸ் வாங்கி வருகிறேன்” என்று நான் புறப்பட்டபோது, “நேந்திரங்காய்ச் சிப்ஸுக்கா அவ்வளவு தூரம்? கரோல் பாகிலேயே கிடைக்குமே!” என்றாள் என் மனைவி. அன்று நான் வாங்கி வந்ததைக் காட்டிலும் நேந்திரங்காயே மேலாக இருந்திருக்கும். மலிவு ஒன்றையே பார்த்து, 200 வில்லைகளை 350 ரூபாய்க்கு வாங்கினேன். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கிராம் எடையுள்ள மெல்லிய பிளாஸ்டிக். பத்து வில்லையை அடுக்கினால் மின்விசிறிக் காற்றுக்கே சரிந்தன. அது சிறு குறை. பெருங்குறை வேறு: வெள்ளை ஒன்று நீங்கலாக மற்றவை மங்கிய சிவப்பும் மங்கிய பச்சையும், எண்ணும் இல்லை, வேறு அடையாளமும் இல்லை. சிவப்புக்கு 5 என்றும் பச்சைக்கு 25 என்றும் நாங்களே மதிப்பு வைத்துக்கொண்டோம்.

எங்கள் குடியிருப்பில் எல்லாரும் ‘அண்ணாச்சி’ என்று அழைக்கும் நெல்லைக்காரர் ஒருவர் உண்டு. என்னைப் போலவே குமாஸ்தா; என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் தில்லிக்கு மாற்றலாகி வந்த முதல் வாரத்தில் எங்களுக்குச் சோறு போட்ட வீடு அவர் வீடு. அன்றிரவு அவர் சிவப்பு வில்லை ஒன்றைத் தள்ளி, “இருபத்தைந்து” என்றார். திருத்தினோம். சற்று நேரங்கழித்து மறுபடியும் அப்படியே செய்தார். மூன்றாம் முறை நடந்தபோது பையன் ஒருவன், “மாமா, கண் தெரியவில்லையா, கணக்குத் தெரியவில்லையா?” என்று கேட்டுவிட்டான். சிலர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அண்ணாச்சி சீட்டைக் கவிழ்த்து வைத்தார். “நேரமாகிறது” என்று சொல்லி எழுந்து போனார்.

அதன்பின் நான்கு மாதம் அவர் வரவில்லை. அலுவலகத்தில் தலையசைப்போடு சரி. இதற்கிடையில், “அண்ணாச்சிக்குக் கை சுத்தமில்லை” என்று ஒரு பேச்சும் பரவியது. காசில்லாத ஆட்டத்தில் ஒருவர் ஏமாற்றி என்ன பெறப்போகிறார் என்று எவரும் யோசிக்கவில்லை.

தீபாவளிப் பலகாரத்தோடு நான் அவர் வீட்டுக்குப் போனேன். நெடுநேரம் வேறு ஏதேதோ பேசிவிட்டு அவர் சொன்னார்: “தம்பி, சின்ன வயதிலேயே ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறினேன். வைத்தியப் பரிசோதனையிலே புள்ளிப் படம் காட்டினார்கள். எல்லாருக்கும் தெரிந்த எண் எனக்குத் தெரியவில்லை. வெளிச்சம் குறைந்தால் சிவப்பும் பச்சையும் எனக்கு ஒன்றுதான். இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.”

அவர் கூறியது இஷிஹாரா என்ற ஜப்பானிய மருத்துவர் 1917-இல் வெளியிட்ட படங்கள். ரயில் சைகைகளைப் பார்த்து இயங்க வேண்டிய வேலைகளுக்கு நிறப்பார்வைச் சோதனை கட்டாயம். எங்களைப் போன்ற மேஜை வேலைக்காரர்களுக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத இக்குறை பெரும்பாலும் பிறவியில் வருவது. பெண்களைவிட ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது. நம்மில் எவருக்கேனும் இருக்கலாம்; உள்ளவரே அறியாமலும் இருக்கலாம்.

இரண்டாவது கொள்முதல்

ஆறு குடும்பத்தாரும் தலைக்கு 500 ரூபாய் போட்டோம். இம்முறை சதர் பஜாருக்கு அண்ணாச்சியையும் வற்புறுத்தி அழைத்துச் சென்றேன். அன்று கற்றவற்றை வரிசையாகத் தருகிறேன்.

முதலாவது, எடை. கடைக்காரர்கள் கனத்தைக் காட்டியே விலை சொல்லுவார்கள். 11.5 கிராம், 14 கிராம் என்று விற்பவை பெரும்பாலும் பிளாஸ்டிக்கின் நடுவே உலோகத் தகடு பொதிந்தவை. ஆனால் அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் வழங்கும் களிமண் கலவை வில்லைகளோ ஏறக்குறைய 10 கிராமுக்குள்தான் இருக்கின்றன. ஆகவே கனம் மிகுந்தது உயர்ந்தது என்பது வெறும் மயக்கம். எண்ணிப் பாருங்கள்: 11.5 கிராம் வில்லை 300 சேர்ந்தால் மூன்றரைக் கிலோ. மாற்றல் உத்தரவு வந்தால் அதையும் தூக்கிச் செல்ல வேண்டியவர்கள் நாம்.

இரண்டாவது, பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வில்லைகளை எலும்பிலும் தந்தத்திலும் மரத்திலும் செய்தார்கள். அந்நூற்றாண்டின் இறுதியில் களிமண் கலவையை அழுத்திச் செய்யும் முறை பரவிற்று. அப்பெயரின் மதிப்பால், இன்று பிளாஸ்டிக்கையும் “அசல் க்ளே, பாபுஜி!” என்று விற்கிறார்கள். சட்டைப் பையில் ஒரு சிறு காந்தம் கொண்டு செல்லுங்கள். ஒட்டிக்கொண்டால் உள்ளே இரும்புத் தகடு என்று பொருள். அதனால் வாங்கக்கூடாது என்பதில்லை. வீட்டு ஆட்டத்துக்கு அது தாராளமாகப் போதும். களிமண்ணுக்குரிய விலையைக் கொடுக்கலாகாது என்பதுதான். பீங்கான் போன்ற ‘செராமிக்’ வகை அழகானது. நம் சக்திக்கு மேற்பட்டது.

மூன்றாவது, அடுக்கு. இருபது வில்லைகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். அடுக்கு நேராக நிற்க வேண்டும். விளிம்பில் பிசிறு இருந்தால் சாயும். வழக்கமான குறுக்களவு 39 மில்லிமீட்டர். பல அளவுகள் கலந்த பெட்டியைத் தள்ளிவிடுங்கள். காகித வட்டம் ஒட்டியவை ஈரத்துணி பட்டுப் பட்டு உரிந்துவிடும். வில்லையிலேயே அச்சிட்டவை நிலைக்கும்.

நான்காவது, நிறமும் அடையாளமும். அமெரிக்க வழக்கில் வெள்ளை 1, சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100. இவ்வழக்கு நமக்கு வேதமன்று. பச்சைக்குப் பதிலாக நீலம் எடுத்தோம். கறுப்பையும் விலக்கினோம், சிவப்பு மங்கித் தோன்றும் கண்களுக்கு அதுவும் கறுப்பும் மயங்கக்கூடும். அதற்குப் பதில் மஞ்சள். எண் பெரிதாக அச்சிட்டிருக்க வேண்டும். ஆனால் அடுக்கி வைத்தால் எண் மறைந்துவிடும். பக்கவாட்டில் தெரிவது விளிம்பு மட்டுமே. ஆதலால் விளிம்பிலுள்ள பட்டைகள் நிறத்துக்கு நிறம் வேறு வடிவில் இருப்பது நல்லது. கடையிலேயே கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று எடுத்துப் பாருங்கள். அப்படத்திலும் நான்கும் வெவ்வேறாகத் தெரிந்தால் தைரியமாக வாங்கலாம். எங்களுக்குப் படம் தேவைப்படவில்லை. கடையின் மங்கிய மூலையில் அண்ணாச்சி ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, “இது ஐந்து, இது இருபத்தைந்து” என்று தயங்காமல் சொன்னார். அதுவே எங்களுக்குப் போதுமான சோதனையாயிற்று.

ஐந்தாவது, எண்ணிக்கை. ஆறு பேருக்கு 300 வில்லை போதும். ஆளுக்கு வெள்ளை 20, சிவப்பு 16, நீலம் 4 கொடுத்தால் மொத்த மதிப்பு 200. போக்கரில் கட்டாயமாக முன்வைக்கும் தொகை 1, 2 என்று கொண்டால், பெரிய தொகையைப்போல் நூறு மடங்கு கையில் இருக்கும், நிதானமாக ஆடலாம். இவ்வாறு 240 வில்லை செலவாகும். மீதி 60, கை காலியானவர்களுக்கு மறுபடி கொடுக்க. அவற்றில் சிவப்பு 24, நீலம் 26, மஞ்சள் 10 இருந்தால் சரி. இதே வில்லைகள் ரம்மிக்கும் உதவும்: முதலிலேயே சீட்டைப் போட்டால் 20, நடுவில் போட்டால் 40, முழுத்தோல்விக்கு 80 என்று ஆடுவோர் சிவப்பிலேயே கணக்குத் தீர்த்துவிடலாம்.

அலுமினியப் பெட்டிக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டா. எங்கள் வில்லைகள் பழைய பிஸ்கட் டப்பா இரண்டில் சுகமாக இருக்கின்றன. ஆட்டம் முடிந்ததும் எண்ணி உள்ளே வைப்பது முக்கியம். 299 இருந்தால் 300 ஆகும் வரை எவரும் எழுந்திருக்கக்கூடாது என்பது எங்கள் விதி.

அடுத்த இரண்டாவது சனிக்கிழமை அண்ணாச்சி வந்தார். முன்பு கேலி செய்த பையன் எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். “உட்கார்ந்து சீட்டைப் போடுடா” என்றார் அவர். அன்றிரவு அதிகமாக வென்றவரும் அவரே. பரிசு, ஒரு தட்டு முறுக்கு.

இக்கதையை எழுதலாமா என்று தயங்கினேன். எழுதும்படி சொன்னவர் அண்ணாச்சிதான். “என்னைப்போல வாயைத் திறக்காமல் இருப்பவன் இன்னும் எத்தனை பேரோ” என்றார். ஆகவே அன்பர்களே, உங்கள் வீட்டுக் கூடத்தில் யாரேனும் தவறான வில்லையைத் தள்ளினால், அவருடைய கையைச் சந்தேகிக்குமுன் நீங்கள் வாங்கிய வில்லையைச் சந்தேகியுங்கள்.