மனு என்ன ஆயிற்று?

உங்கள் மகள் உத்தியோகத்துக்கு மனுப் போட்டிருந்தாள். பதில் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: “யுவர் அப்ளிகேஷன் ஈஸ் பீயிங் கன்ஸிடர்ட்.”

“பரிசீலித்து முடித்துவிட்டார்கள். வேலை கிடையாது போலிருக்கிறது” என்கிறார் அப்பா. “இல்லை, இனிமேல்தான் பரிசீலிப்பார்கள்” என்கிறான் தம்பி. இரண்டுமே தப்பு! இப்போது பரிசீலனை நடந்துகொண்டிருக்கிறது என்பதே அர்த்தம். கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் ‘கன்ஸிடர்ட்’ என்ற சொல்தான். பார்ப்பதற்கு இறந்த காலம் போல் இருக்கிறது. உண்மையில் அதற்குக் காலமே கிடையாது.

நம் தமிழிலேயே பாருங்களேன். “கமலா கடிதம் எழுதினாள்” என்பது செய்வினை. “கடிதம் கமலாவால் எழுதப்பட்டது” என்பது செயப்பாட்டு வினை. எழுதப்படுகிறது, எழுதப்பட்டது, எழுதப்படும் என்று சொல்லும்போது ‘எழுத’ மாறவில்லை. ‘படு’தான் காலத்தைச் சுமக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது ‘பி’ என்ற வினை. ‘ரைட், ரோட், ரிட்டன்’ என்று பள்ளியில் ஒப்பித்தோமே, அதில் மூன்றாவது உருவம் அப்படியே நிற்கும். ‘பி’ மட்டும் வேஷம் மாறும்:

ஈஸ் ரிட்டன் – எழுதப்படுகிறது (வழக்கமாக).
ஈஸ் பீயிங் ரிட்டன் – இப்போது எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.
வாஸ் ரிட்டன் – எழுதப்பட்டது.
ஹாஸ் பீன் ரிட்டன் – எழுதப்பட்டுவிட்டது.
வில் பி ரிட்டன் – எழுதப்படும்.

வாக்கியத்தை மாற்றுவதும் சுலபம். செயப்படுபொருளை முன்னால் கொண்டுவாருங்கள். பழைய வாக்கியத்தின் காலத்தை ‘பி’யிடம் ஒப்படையுங்கள். மூன்றாவது உருவத்தைச் சேருங்கள். முன்னால் வந்தது ஒன்றானால் ‘ஈஸ்’, பலவானால் ‘ஆர்’. ‘கோ’, ‘ஸ்லீப்’ போன்ற வினைகளுக்குச் செயப்படுபொருள் இல்லை. ஆகவே இந்த மாற்றமும் இல்லை.

இதில் ‘ஈஸ் பீயிங்’ கொஞ்சம் புது மருமகள்! 18-ம் நூற்றாண்டில் வீடு கட்டப்பட்டு வருவதை, “தி ஹவுஸ் ஈஸ் பில்டிங்” என்றே சொல்லி வந்தார்கள். வீடே எதையோ கட்டுவது போல் இல்லையா? 1795-ல் கவிஞர் ராபர்ட் ஸதே, நாவிதரிடம் பல் பிடுங்கிக்கொள்ளும் ஒருவரைப் பற்றிக் கடிதத்தில் எழுதியபோது இந்தப் புதிய உருவத்தைக் கையாண்டார். 19-ம் நூற்றாண்டில் பண்டிதர்கள் சீறி விழுந்தார்கள். ரிச்சர்ட் கிராண்ட் ஒயிட் என்ற அமெரிக்கர் 1870-ல் வெளியான தம் புத்தகத்தில் இதைக் கடுமையாகத் தாக்கினார். மருமகளோ நிலைத்துவிட்டாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் உஷாராக இருங்கள். செயப்பாட்டு வினையில் ‘பை’ என்று ஆரம்பித்து, செய்தவர் யார் என்று சொல்லலாம்; சொல்லாமலும் விடலாம். 1987-ல் அமெரிக்க ஜனாதிபதி ரீகன், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் பற்றிப் பேசும்போது, “மிஸ்டேக்ஸ் வேர் மேட்” என்றார். தவறுகள் செய்யப்பட்டன, சரி; செய்தவர் யார்? வாக்கியத்தில் ஆளையே காணோம். “தி டம்ளர் வாஸ் புரோக்கன்” என்று வந்து நிற்கும் உங்கள் சுட்டிப் பயலும் இதே வித்தையைத்தான் காட்டுகிறான்!

மகளுக்கு வந்த கடிதத்தை மறுபடி படியுங்கள். பரிசீலிப்பவர் யார் என்று அதிலும் இல்லை. வருத்தப்பட்டு உட்கார வேண்டாம். “எந்த அதிகாரியால்? எப்போது முடிவு செய்யப்படும்?” என்று கேட்டு, இன்றே ஒரு பதில் எழுதச் சொல்லுங்கள்.