தேயிலை மலையில் எடை குறைந்த இணையத்தளம்

கேமரன் மலைத் தோட்டங்களில் அலைக்கோபுரத்துக்கும் லயத்துக்கும் நடுவே ஒரு முகடு நின்றால் போதும், சிக்னல் நலிந்துவிடும். டாப்-அப் செய்து இணையம் பார்க்கும் குடும்பத்துக்குப் பெருத்த பக்கம் ஒவ்வொன்றும் பணச் செலவு. ஆகவே தோட்டத் தமிழ்ப்பள்ளியோ, கோயில் நிர்வாகமோ, ரிங்லெட்டிலும் பிரிஞ்சாங்கிலும் ஹோம்ஸ்டே நடத்துபவரோ இணையத்தளம் அமைத்தால், அதன் அழகுக்கு முன்பாக எடையைக் கேட்க வேண்டும்.

தமிழ்ப் பக்கங்களுக்கு இந்த அக்கறை இன்னும் கூடுதலாகத் தேவை. இன்று இணையமெங்கும் பயன்படும் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழுக்கோ ஒவ்வொரு குறிக்கும் மூன்று. ‘தேயிலை’ என்று எழுதினால் மூன்று மெய்களும் மூன்று உயிர்க்குறிகளும் சேர்ந்து 18 பைட். ஆனால் அந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றேதான். இரண்டாவதிலும் இரண்டே வகை. சுருக்கும் மென்பொருளுக்கு வேண்டியதே இப்படித் திரும்பத் திரும்ப வருவதுதான். 1977இல் ஸிவ், லெம்பெல் என்ற இருவர் வகுத்த வழிப்படி, முன்பு வந்த தொடர் மறுபடி வரும்போது அதை முழுதாக எழுதாமல், எவ்வளவு பின்னால் இருக்கிறது, எவ்வளவு நீளம் என்று மட்டும் குறித்தால் போதும். 1992இல் வந்த ஜிஸிப் இதைத்தான் செய்கிறது. 2015இல் கூகுள் வெளியிட்ட புரோட்லி பெரும்பாலும் இன்னும் சிறிதாக்கும். எழுத்து நிறைந்த பக்கம் பல வேளைகளில் மூன்றில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். பிரிக்கும் வேலையை உலாவியே செய்துகொள்ளும். படிப்பவருக்கு ஓர் எழுத்தும் குறையாது.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. அனுப்பும்போது சுருக்குவதால் சேவையகத்தில் இடம் மிச்சமாகாது. அங்கே இடத்தை அடைப்பவை பெரும்பாலும் பழைய காப்புப் பிரதிகளும் பதிவேட்டுக் கோப்புகளும். அவற்றைச் சுருக்கி வைத்தால் ஹோஸ்டிங் வாடகையில் அடுத்த படிக்கு ஏற வேண்டிய அவசியம் தள்ளிப்போகும். படங்களோ ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. ஜிஸிப்பால் பயன் இல்லை. அகலத்தைக் குறைத்து, வெப்பி என்ற பட வடிவில் ஏற்ற வேண்டும். அப்படிச் செய்கையில் நுணுக்கம் சிறிது போய்விடும், திரும்ப வராது. தோட்டத்தின் பழைய புகைப்படங்களை ஆவணப்படுத்துபவர்கள் மூலப்படத்தைத் தொடாமல் நகலை மட்டும் சுருக்குங்கள், தயவுசெய்து.

பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஸிப் கோப்பைப் பூட்டு என்று பலர் நம்புகிறார்கள். கடவுச்சொல் இடாத ஸிப்பை எவரும் திறக்கலாம். விருந்தினரின் அடையாள அட்டை நகல்கள் அப்படி ஒரு காப்புப் பிரதியில் கிடந்து கசிந்தால், 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஹோம்ஸ்டே நடத்துபவர் பதில் சொல்ல வேண்டிவரும். 2025 ஜூன் 1 முதல், கணிசமான தீங்கு விளைவிக்கக்கூடிய கசிவை 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். ஆகவே ஸிப்புக்குக் கடவுச்சொல் இட்டு, அந்தக் கடவுச்சொல்லை வேறு வழியில் அனுப்புங்கள். இன்னொன்று: சுருக்கிய பக்கத்தின் அளவை வைத்தே அதிலுள்ள இரகசியக் குறியை ஊகிக்கும் ‘பிரீச்’ தாக்குதலை ஆய்வாளர்கள் 2013இல் விளக்கிக் காட்டினார்கள். உள்நுழையும் பக்கங்களுக்குச் சுருக்கத்தை நிறுத்த முடியுமா என்று தளம் கட்டுபவரிடம் கேளுங்கள்.

ஹோஸ்டிங் வாங்கும்போது ஜிஸிப் அல்லது புரோட்லி இயங்குமா, காப்புப் பிரதி எத்தனை நாள் இருக்கும், அதை நாமே இறக்கிக்கொள்ளலாமா என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். சுருக்கம் இயங்குகிறதா என்று நாமே பார்க்கலாம்: உலாவியின் டெவலப்பர் கருவியில் பக்கத்தின் பதில் தலைப்புகளுக்குள் ‘கன்டென்ட்-என்கோடிங்’ என்ற வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் திரையைப் படமெடுத்து மின்னஞ்சலில் முறையிடுங்கள்.

சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய சேவையில் ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் கோரிக்கை மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட், வரம்பு 50,000 ரிங்கிட், மூன்று ஆண்டுக்குள் செல்ல வேண்டும். வணிகத்துக்கென வாங்கியது என்றால் அந்த மன்றம் ஏற்காமல் போகலாம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழியைப் பற்றிச் சட்ட உதவிப் பிரிவில் விசாரியுங்கள்.

சிக்னலே எட்டாத லயத்துக்கு எந்தச் சுருக்கமும் உதவாது. அதற்கு முதலில் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் புகார் எண் வாங்குங்கள். தீரவில்லையென்றால் அந்த எண்ணுடன் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம், தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் குறிப்பிட்டு, பல குடும்பங்கள் சேர்ந்து எழுதுங்கள்.